உழைத்தவர் கூரையும் உறங்குவோர் கடனும்

ஒருவர் வியர்வை சிந்திய இடத்தில் மற்றொருவர் இளைப்பாறலாமா? கேட்ட அளவில் எளிதாகத் தோன்றும் இவ்வினா, எண்ணுந்தோறும் ஆழமாகிக்கொண்டே போகிறது. உழைப்பாளி கட்டிய வீட்டில்தான் உலகமே குடியிருக்கிறது; அதில் தவறு கண்டவர் எவருமிலர். ஆயின், உழைப்பாளி இடருற்று வாழ்ந்த அதே அறையை, அவன் மறைந்தபின் அழகுபடுத்தி, விடுமுறையைக் கழிக்க வருவோர்க்கு வாடகைக்கு விடும்போது, நம் உள்ளத்தின் ஓரத்தில் ஏதோ நெருடுகிறது. அந்நெருடல் வெறும் உணர்ச்சிதானா, அன்றி அதனுள் ஓர் அறம் உறைந்து கிடக்கிறதா என்பதையே ஈண்டு நாம் ஆராய முற்படுகிறோம்.

நின்றுபோன ஆலைகளையும், கைவிடப்பட்ட சுரங்கங்களையும், அணைந்துபோன இரும்புலைகளையும் வரலாற்றுச் சின்னங்களாகப் பேணும் வழக்கம் மேலைநாடுகளில் கடந்த அரை நூற்றாண்டில் நன்கு வேரூன்றியுள்ளது. கோட்டையும் கொத்தளமும் மட்டுமே வரலாறு அல்ல, நூற்பாலையும் கொல்லுலையும் வரலாறே என்னும் உணர்வு போற்றத்தக்கது. ஆனால் பேணுவதற்குப் பொருள் வேண்டும். ஓடு சரிந்தால் மாற்ற வேண்டும். சுவரில் ஈரம் ஏறினால் தடுக்க வேண்டும். எனவே ஆலை வளாகங்களில் இருந்த கிடங்குகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் பல இடங்களில் விடுமுறை இல்லங்களாக உருமாறி வருகின்றன. பொதுப்படப் பேசுவதைவிட ஓர் ஊரை எடுத்துக்கொண்டு எண்ணுவது தெளிவு தரும். ஸ்காட்லாந்து நாட்டின் நியூ லானர்க் என்னும் ஆலையூர் அதற்கு ஏற்றதாகும்.

கிளாஸ்கோ நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கிளைடு ஆறு அருவிகளாக விழுந்து இறங்கும் பள்ளத்தாக்கில் அவ்வூர் அமைந்துள்ளது. விழும் நீரின் விசையால் நூற்பு எந்திரங்களை இயக்கலாம் எனக் கண்ட டேவிட் டேல் என்னும் வணிகர், நூற்பு எந்திரத்தால் புகழ்பெற்ற ரிச்சர்டு ஆர்க்ரைட்டின் கூட்டுறவோடு 1785-ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். மணற்கல்லால் ஆன உயர்ந்த ஆலைகளும், அவற்றை நோக்கிய நீண்ட குடியிருப்பு வரிசைகளும் ஆற்றங்கரையில் எழுந்தன. முதலாம் ஆலை 1788-இல் தீக்கிரையாகி, மறு ஆண்டே மீண்டும் கட்டப்பெற்றது. ஊர் செழித்திருந்த காலத்தில் அங்கு ஏறத்தாழ 2,500 பேர் வாழ்ந்தனர்.

அவர்களுள் குழந்தைகள் எத்தனை பேர்? எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் ஏழையர் இல்லங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர் சிறுமியர் மட்டும் ஒரு காலத்தில் ஏறத்தாழ 500 பேர். நான்காம் ஆலை எனப்பட்ட கட்டடத்தில் பெற்றோரற்ற குழந்தைகள் 275 பேர் தங்கியிருந்தனர். காலை 6 மணிக்குத் தொடங்கிய வேலை மாலை 7 மணி வரை நீடித்தது. அதன் பின்னரே பள்ளி. அக்காலத்து ஆலை முதலாளிகளுள் டேல் இரக்கமுடையவர் எனப் பெயர் பெற்றவர் என்பதையும் நாம் மறைத்தலாகாது. குழந்தைகளுக்கு நல்ல உணவும் தூய உடையும் மருத்துவமும் தந்தார். எழுதப் படிக்கக் கற்பித்தார். பதின்மூன்று மணி நேரம் எந்திரத்தின் முன் நின்ற பிள்ளை எப்படிப் படித்திருக்கும் என்னும் கேள்விக்கு மட்டும் அவ்விரக்கத்தில் விடையில்லை.

1800-ஆம் ஆண்டின் முதல் நாள் ஆலைகளின் ஆளுகை டேலின் மருமகனான ராபர்ட் ஓவனின் கைக்கு வந்தது. சூழலை மாற்றினால் மனிதன் மாறுவான் என்பது அவர் கொள்கை. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு எடுப்பதை அவர் நிறுத்தினார். வேலை நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து, 1816-இல் நாளொன்றுக்குப் பத்தேமுக்கால் மணி என்னும் அளவிற்குக் கொண்டுவந்தார். அவ்வாண்டு சனவரி முதல் நாளில் குணநல உருவாக்க நிலையம் என்னும் பெயரால் பெருங்கல்விக்கூடம் ஒன்றைத் திறந்தார். நடக்கப் பழகிய சிறு குழந்தைகளுக்கும் அங்கே இடமிருந்தது. அடி உதை இல்லை. ஆடலும் பாடலும் இருந்தன. ஊரின் கடையில் நல்ல பொருள்கள் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. கடையின் ஊதியம் பள்ளிக்குப் பயன்பட்டது. அமெரிக்கா பருத்தி ஏற்றுமதியைத் தடைசெய்து ஆலைகள் நான்கு மாதம் நின்றபோதும் தொழிலாளர்க்கு முழுக் கூலியும் கொடுத்தார். பின்வந்த கூட்டுறவு இயக்கத்தினர் தம் முன்னோடியாக அவரைக் கருதுவதில் வியப்பில்லை.

ஆயினும் ஓவன் காலத்திலும் நிழல்கள் இருந்தன. ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கமும் நான்கு நிறம் தீட்டிய சிறு மரக்கட்டை ஒன்று தொங்கியது. கறுப்பு தீய நடத்தையையும், நீலம் நடுத்தரத்தையும், மஞ்சள் நன்மையையும், வெண்மை மேன்மையையும் குறித்தன. முந்திய நாள் நடத்தைக்கு ஏற்ற நிறம் முன்புறம் திருப்பி வைக்கப்படும். அடியைவிட இது மென்மையானதே; ஆனால் நாள் முழுதும் தன் மதிப்பெண்ணைச் சுமந்து நிற்பவனின் நாணத்தை யார் அளந்தார்? தம் மக்கள் தம் தயவில் வாழும் அடிமைகளாகவே இருந்தனர் என்னும் கருத்துப்பட ஓவனே பிற்காலத்தில் எழுதியுள்ளார். வேறொரு நிழல் இன்னும் நீளமானது. ஆலைக்கு வந்த பஞ்சு கரீபியத் தீவுகளிலும் பின்னர் அமெரிக்காவின் தென்பகுதியிலும் ஆப்பிரிக்க அடிமைகள் விளைவித்தது. அடிமை வணிகத்தை ஒழிக்க 1791-இல் கிளாஸ்கோவில் எழுந்த சங்கத்திற்குத் தலைமை தாங்கியவர் டேல். அவருடைய எந்திரங்களுக்கு இரையானதோ அடிமைகள் பறித்த பஞ்சு. நன்மனம் உடையவரின் கையிலும் பிறர் குருதிக் கறை படியக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஓவன் 1820-களின் நடுவில் அமெரிக்காவில் புதிய சமுதாயம் ஒன்றைப் படைக்கச் சென்றார். கைமாறிக் கைமாறி ஆலைகள் 1968 வரை ஓடின, அவ்வாண்டில் நின்றன. ஊர் வெறிச்சோடியது. கூரைகள் சரிந்தன. பழைய உலோகம் பிரிக்கும் தொழில் ஆலைகளுள் புகுந்தது. இடித்துத் தள்ளுவதே எளிது என எண்ணப்பட்ட நிலையில், 1974-இல் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்று உருவாயிற்று. பல்லாண்டு உழைப்பின் பயனாகக் குடியிருப்புகள் சீர்பெற்றன; அவற்றில் மக்கள் மீண்டும் குடியேறினர். இரு மேல்தளங்களை முன்னரே இழந்திருந்த முதலாம் ஆலை பழைய உருவுக்கு மீட்கப்பட்டு, 1998-இல் தங்கும் விடுதியாயிற்று. அதன் அருகே நீரோட்டத்தை ஒட்டி நிற்கும் ஒருதளக் கட்டட வரிசை விடுமுறை இல்லங்களாக மாற்றியமைக்கப்பட்டது. 2001-இல் யுனெஸ்கோ நிறுவனம் அவ்வூரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இனி நம் வினாவிற்கு வருவோம். விடுமுறை இல்லங்களை எதிர்ப்போர் கூறுவதை முதலில் நேர்மையாகக் கேட்போம். துன்பம் விற்பனைப் பொருளாகலாமா என்பது அவர்கள் கேள்வி. அனாதைக் குழந்தை பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் ஓடிய தரையில் மெத்தை விரித்துக் கம்பளம் பரப்புவது, அக்குழந்தையை இரண்டாம் முறை மறப்பதாகாதா? முதலில் அதன் உழைப்பு விற்கப்பட்டது. இப்போது அதன் நினைவும் விற்கப்படுகிறது. கல்லறையில் கடைவிரிப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? இவ்வெதிர்ப்பில் உண்மை உண்டு. அதனை எளிதில் தள்ளிவிடுவோர் துன்பத்தின் எடையை அறியாதவர்.

ஆனால் இதற்கு மறுமொழியும் உண்டு. கட்டடம் என்பது பயன்பாட்டால் உயிர்வாழ்வது. ஆள் புழங்காத வீட்டில் மழைநீர் ஒழுகினாலும் பார்ப்பார் இல்லை. அடுப்பெரியாத சுவரில் பாசி ஏறும். வீடு பாழானால் அதனோடு அது தாங்கிய நினைவும் பாழாகும். நான்காம் ஆலை 1883-இல் தீயில் அழிந்தது. அங்கே உறங்கிய 275 குழந்தைகளை நினைக்க இன்று நமக்கு அவர்களுடைய கூரை இல்லை. எஞ்சிய கட்டடங்கள் நிற்பதாலேயே ஊரின் கதையை மக்கள் கேட்கின்றனர். கட்டடங்கள் நிற்க வேண்டுமாயின் அவற்றிலிருந்து வருவாய் வரவேண்டும். மேலும், கல்லறை இறந்தோர்க்கென்றே கட்டப்பட்டது. வீடோ வாழ்வோர்க்கெனக் கட்டப்பட்டது. வீட்டில் வாழ்வது வீட்டை இழிவுபடுத்துவதாகாது. ஆகவே, வாடகைக்கு விடுவது அடிப்படையிலேயே தீது என நாம் துணிதல் இயலாது.

அப்படியாயின் எல்லாம் சரியே என்று அமைந்துவிடலாமா? அதுவும் இயலாது. செயல் தீதன்று என்பதனாலேயே செய்யும் முறையும் நன்று என்றாகிவிடாது. நெறிதவறும் இடங்கள் மூன்று என நாம் கருதுகிறோம்.

முதலாவது, உண்மை. விருந்தினரை ஈர்க்க விரும்புவோர்க்கு இறந்த காலத்தை இனிமையாக்கிக் காட்டும் சோதனை எப்போதும் உண்டு. அருவியின் ஓசையைச் சொல்வர். எந்திரத்தின் இரைச்சலைச் சொல்லார். ஓவனின் பள்ளியைச் சொல்வர். அடிமையின் பஞ்சைச் சொல்லார். அவ்வூர்க் குடியிருப்பில் ஒரு குடும்பம் முழுவதும் ஓர் அறைக்குள் வாழ்ந்ததுண்டு. சுவரோடு பதித்த கட்டிலில் பெற்றோர் உறங்க, அதனடியிலிருந்து சக்கரக் கட்டிலை இழுத்துப் பிள்ளைகளைக் கிடத்துவர். அத்தகைய ஊரில் இன்று இருவர் தாராளமாகத் தங்கும்போது, அறை ஏன் இத்தனை அமைதியாக இருக்கிறது என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். இனிப்பாக்கிய வரலாறு பொய்ச்சான்று. இறந்தோர்க்கு எதிராகப் பொய்ச்சான்று கூறுவது உயிரோடிருப்போர்க்கு எதிராகக் கூறுவதைவிடக் கொடியது. ஏனெனில் அவர்கள் எழுந்து மறுக்க முடியாது. கூரையைப் பேணுவோர் கதையையும் குறையாமல் பேணக் கடமைப்பட்டவர்.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். நியூ லானர்க்கைச் சுற்றிப் பார்க்க மக்கள் வருவது இன்று நேற்றைய வழக்கமன்று. ஓவன் காலத்திலேயே அயலூராரும் அயல்நாட்டாரும் ஆயிரக்கணக்கில் வந்தனர். பின்னாளில் ரசியப் பேரரசரான முதலாம் நிக்கலாசும் அவர்களுள் ஒருவர். வந்தோர்முன் பள்ளிப் பிள்ளைகள் நடனமாடினர். அன்று தொழிலாளர் உயிரோடு காட்சிப்பொருளாயினர். இன்று அவர்களின் வீடு காட்சிப்பொருளாகிறது. காண வருவது குற்றமன்று. கண்டபின் காட்சியில் நின்றவனும் நம்மைப் போன்ற மனிதன் என்று உணராது திரும்புவதே குற்றம்.

இரண்டாவது, ஓய்வின் பொருள். விடுமுறை இல்லத்தில் விற்கப்படுவது ஓய்வு. அதே ஊரில் ஒரு காலத்தில் எல்லாவற்றினும் அரிதாக இருந்ததும் ஓய்வே. ஓவன் தந்த கொடைகளுள் பெரியது எது என நம்மைக் கேட்டால், பள்ளிக்கும் முன்னதாக, வேலைநேரக் குறைப்பையே சொல்வோம். பொழுது இருந்தால்தானே பள்ளிக்குப் போக முடியும்? மறைநூலில் ஓய்வுநாள் கட்டளைக்கு இரண்டு காரணங்கள் தரப்பட்டிருப்பதை நம் வாசகர் அறிவர். விடுதலைப் பயண நூல் படைப்பின் ஏழாம் நாளைச் சுட்டுகிறது. இணைச்சட்ட நூலோ எகிப்தின் அடிமை வாழ்வை நினைவூட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் தலைவனைப் போலவே ஓய்வு பெறவேண்டும் என்கிறது. ஓய்வும் நினைவும் அங்கே பிரிக்கப்படவில்லை. அடிமைத்தனத்தை நினையாத ஓய்வு வெறும் சோம்பல். பிறர் ஓய்வை நாடாத ஓய்வு தன்னலம். உழைத்தவர் கூரையின்கீழ் ஓய்வெடுப்பவர்க்கு அந்நினைவு சுவரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதனைப் படிப்பாராயின், அவ்வூரில் எடுக்கும் ஓய்வு வேறெங்கும் எடுப்பதைவிடத் தகுதியானதாகவே அமையும்.

மூன்றாவது, நாம் பெரிதும் வற்புறுத்த விரும்புவது, இன்றைய உழைப்பாளி. விடுமுறை இல்லம் வருவோர்க்கு ஓய்விடம், நடத்துவோர்க்கு வேலைக்களம். ஒரு குடும்பம் முற்பகலில் வெளியேறும். மற்றொன்று பிற்பகலில் வந்து சேரும். இடைப்பட்ட சில மணி நேரத்தில் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் உருவி மாற்ற வேண்டும். குளியலறையைத் தேய்க்க வேண்டும். அடுப்பையும் பாத்திரங்களையும் விளக்க வேண்டும். குப்பையை அகற்ற வேண்டும். முன்னிருந்தவரின் சுவடு சிறிதும் தெரியாமல் செய்தல் வேண்டும். பழங்கட்டடமாதலால் வேலையும் கூடுதல்: ஆற்றோரக் கல்சுவரின் ஈரம் ஓயாது, வரலாற்றுச் சின்னமாதலின் சன்னலையும் நினைத்தபடி மாற்ற முடியாது. இவ்வேலையைச் செய்பவர் யார்? எங்கும் பெரும்பாலும் பெண்கள். பருவத்துக்கு மட்டும் அமர்த்தப்படுவோர். மணிக்கணக்கில் கூலி பெறுவோர். விருந்தினர் கண்ணில் படாதபடி வந்து போவோர். பழைய தொழிலாளியின் நிழற்படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, அப்படத்தைத் துடைக்கும் பெண்ணுக்குக் குறைகூலி கொடுத்தால், அவ்வீடு தன் வரலாற்றிலிருந்து எதைக் கற்றது? நான்கு நிறக் கட்டை இன்று தொங்கவில்லை. ஆனால் விருந்தினர் எழுதிவிட்டுப் போகும் மதிப்புரை ஒன்றினால் துப்புரவுப் பணியாளரின் நாளைய வேலை போகுமாயின், அக்கட்டை இன்னும் தொங்குகிறது என்றே நாம் சொல்வோம்.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடலும், தொண்ணூறு ஆண்டுகளுக்குப்பின் 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்புப் பற்றி விடுத்த சுற்றுமடலும் ஒரே உண்மையைச் சுற்றியே நிற்கின்றன: உழைப்பின் மதிப்பு செய்யப்படும் பொருளில் இல்லை, செய்யும் மனிதனில் உள்ளது. நூல் நூற்பதும் விரிப்பு மாற்றுவதும் அவ்வளவில் ஒன்றே. அதனால்தான் ஆலையை அளந்த அதே அளவுகோலால் விடுதியையும் அளக்கவேண்டும் என்கிறோம்.

இவ்விடத்தில் நம்மவர் வாழ்வோடு நேரே தொடர்புடைய ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். நியூ லானர்க்கில் ஆலைத் தொழில் முடிந்துவிட்டது; அன்றைய துயரம் வரலாறாகிவிட்டது. இலங்கையின் மலையகத்தில் நிலை வேறு. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பெருமளவில் தேயிலை பயிரிட்டது முதல் நம் தமிழ் மக்களின் தோள்களில் வளர்ந்தது அத்தொழில். கந்தப்பொலையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று தங்கும் விடுதியாகியுள்ளது. துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல இன்று விடுமுறை இல்லங்கள். ஆனால் அவற்றிற்குக் கூப்பிடு தொலைவில் லயங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் கொழுந்து பறிக்கும் குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன. அங்கே தங்குவோர் காண்பது வரலாற்றை அன்று, தொடரும் வாழ்வை. துயரம் முடிந்த இடத்தில் நினைவே கடன். துயரம் முடியாத இடத்தில் நினைவு போதாது, நீதியே கடன். பங்களாவின் பழமையைப் பேணக் கிடைக்கும் பொருள் லயத்தின் கூரையைப் பேணக் கிடைக்கவில்லையாயின், அங்குள்ள குறை பொருளில் இல்லை, மனத்தில் உள்ளது.

எனவே நாம் கண்ட விடையைத் தொகுத்துக் கூறுவோம். உழைத்தவர் கூரையின்கீழ் உறங்குவது தீதன்று. கதையை மறைத்து வாடகைக்கு விடுவது தீது. நினைவின்றி உறங்கிப் போவது குறை. விரிப்பை மாற்றும் கையை மறந்து அக்கையின் உழைப்பில் இளைப்பாறுவது அநீதி. இல்லம் நடத்துவோர் முழுக் கதையையும் சொல்லட்டும். நேரிய கூலி கொடுக்கட்டும். தம் பணியாளர்க்கும் விடுமுறை உண்டு என்பதை மறவாதிருக்கட்டும். தங்க வருவோர் அடுப்பைத் துடைத்து, பாத்திரத்தைக் கழுவிவைத்துப் போகட்டும். சிறு செயல்தான், ஆயினும் நமக்குப் பின் வருபவள் ஒருத்தி உண்டு என்று நாம் அறிந்திருக்கிறோம் என்பதற்கு அதுவே சான்று.

நம் வாசகருள் பலர் அயல்நாட்டு ஆலையூருக்குச் செல்லப் போவதில்லை என்பது உண்மையே. ஆனால் கோடைவிடுமுறையில் மலைக்கோ கடற்கரைக்கோ செல்லாத குடும்பம் இக்காலத்தில் அரிது. எங்குத் தங்கினாலும் அந்த அறையை யாரோ ஒருவர் நமக்கெனத் துடைத்து வைத்திருக்கிறார். நம் ஓய்வுநாள் அவருக்கு வேலைநாள். அவருடைய ஓய்வுநாள் எது என்று கேட்டறிவதற்கு நமக்கு எவ்வளவு நேரம் ஆகும்?